கத்தரி வெயிலும் கைத்தையலும்: நம் பிள்ளைகளின் கோடைத் துணிக்கு ஒரு வரலாறு



மலர்க் குழு கூடியபோது ஆளுக்கொரு தலைப்பாகப் பிரித்துக் கொண்டார்கள். சேமிப்பு ஒருவருக்கு, வங்கிக் கடன் ஒருவருக்கு, அலுவலகம் கட்டின கதை இன்னொருவருக்கு. "மெஷின்ல உட்கார்ந்தே காலத்தை ஓட்டினவங்க நீங்கதான், தையலைப் பத்தி எழுதுங்கக்கா" என்று என்னிடம் சொன்னார்கள். தையல் என்றதும் எல்லாருக்கும் ஞாபகம் வருவது ஜாக்கெட். நான் ஜாக்கெட்டைப் பற்றி எழுதப் போவதில்லை. நம் திண்டுக்கல் பக்கத்தில் எந்தப் பெண்ணும் முதன்முதலில் ஜாக்கெட் தைத்ததில்லை. ஊரார் தங்கள் ஜாக்கெட் துணியை நம்மை நம்பிக் கொடுக்க வருஷக் கணக்கு ஆகும். அதுவரைக்கும் நாம தைச்சது நம்ம வீட்டுப் பிள்ளைக்குத்தான்: ஜபலா, ஜட்டி, பாடி, கவுன், பாவாடை சட்டை. அதிலும் மாசி, பங்குனியில், வெயில் உறைக்கும் முன்னே தைத்து வைக்கிற மெல்லிய நூல் துணிகள். அந்தச் சின்னத் துணிக்கு ஒரு வரலாறு இருக்கிறது. நம் மலரில் அதற்கும் நாலு பக்கம் இருக்கட்டும்.

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாது என்று பாட்டிமார் சொன்னதை எல்லாரும் கேட்டிருப்போம். சாஸ்திரம் மாதிரிச் சொன்னாலும் அதற்குள் விஷயம் இருக்கிறது. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவார்கள். புதுத்துணி அந்த விறைப்போடுதான் கடைக்கு வரும், பிள்ளையின் தோலை உரசும். பல வருஷம் துவைத்துத் துவைத்துப் பூவாகிப் போன நூல் புடவையோ, நாலு முழ வேட்டியோ வியர்வையைப் பட்டென்று உறிஞ்சிக்கும். அதனால்தான் பழசைத் தேடினார்கள்.

ஒரு புடவை எப்படிப் பிரிந்தது என்பதை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயால் கேட்டு வைத்திருக்கிறேன். முழுசாக இருக்கும்வரை அது தூளி. பிள்ளை தூளியை விட்டு இறங்கினதும் புடவையை விரித்துப் பார்ப்பார்கள். காலோரம் மண்ணில் இழுபட்டு நைந்திருக்கும். இடுப்பில் செருகுகிற இடம் கிழிந்திருக்கும். கொசுவம் வருகிற நடுப்பாகம் மட்டும் திடமாக இருக்கும். அதுதான் சட்டைக்கு. கத்தரி எல்லா வீட்டிலும் இருக்காது, நூல் பார்த்துக் கையால் கிழிப்பார்கள். நடுவில் தலை போகிற அளவுக்கு ஒரு ஓட்டை, இரண்டு பக்கமும் ஊசியால் ஓட்டுத்தையல், முடிந்தது சட்டை. மிச்சம் கரித்துணி. அதிலும் மிச்சம் விளக்குத் திரி.

அந்தச் சட்டைகூட எல்லாப் பிள்ளைக்கும் கிடைத்தது என்று சொல்ல மாட்டேன். மூணு நாலு வயசு வரைக்கும் அரைஞாண் கயிறோடு வெயிலில் திரிந்த பிள்ளைகள்தான் ஊரில் அதிகம். காற்றோட்டமாக இருக்கட்டும் என்று விட்டதாகச் சிலர் இப்போது பெருமையாகப் பேசுகிறார்கள். துணிக்குக் காசு இல்லை என்பதுதான் நிசம். இரண்டாம் உலகப் போர் வந்தபோது அது இன்னும் மோசமானது. ஆலைத் துணி பட்டாளத்துக்குப் போக, சனங்களுக்குத் துணிப் பஞ்சம் வந்தது. 1943-ல் வெள்ளைக்கார அரசு துணிக்கும் நூலுக்கும் கட்டுப்பாட்டு உத்தரவு போட்டது. "கண்ட்ரோல் துணி" என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்தைத்தான். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கே மாற்றுத் துணி இல்லாத நேரத்தில் பிள்ளைக்கு எங்கே தனியாக வாங்குவது? இருக்கிற பழசை ஒட்டுப்போட்டுத் தைக்கிற கை அப்படித்தான் பழகியது.

இனி மெஷின். அமெரிக்காவில் சிங்கர் என்பவர் தையல் மெஷினுக்குக் காப்புரிமை வாங்கியது 1851-ல். விலை அதிகம், குடும்பங்களால் வாங்க முடியவில்லை. அதனால் 1856-ல் அவர் கம்பெனி தவணை முறையைக் கொண்டு வந்தது. கொஞ்சம் முன்பணம், பிறகு மாதா மாதம். நம் குழுக்களில் "மெஷின் கடன்" என்று ஒரு வரி எழுதுகிறோமே, அந்த யோசனைக்கு 150 வருஷத்துக்கு மேல் வயசாகிறது. வீட்டுப் பெண் ஒருத்தி தவணை கட்டி ஒரு எந்திரத்தைச் சொந்தமாக்கலாம் என்பது மெஷினோடு சேர்ந்தே வந்த விஷயம்.

நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு சொந்தம் உண்டு. 1924-ல் சாந்திநிகேதனில் படித்துக் கொண்டிருந்த ராமச்சந்திரன் என்ற இளைஞர் காந்தியிடம் போய், "எல்லா எந்திரத்தையும் எதிர்க்கிறீர்களா?" என்று கேட்டார். காந்தி, சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு உண்டு என்றார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் ஒருவர் கண்டுபிடித்தது அது என்று காரணமும் சொன்னார். (சிங்கர் பாஸ்டன் நகரத்துப் பட்டறை ஒன்றில், சரியாக ஓடாத ஒரு மெஷினைப் பார்த்துத்தான் புதிதைச் செய்தார் என்கிறது வரலாறு. ஆனாலும் காந்தி சொன்ன காரணம் எனக்குப் பிடிக்கும். கையால் தைப்பது கஷ்டம் என்று ஒரு பெரிய மனிதர் ஒத்துக் கொண்டாரே!) கேள்வி கேட்ட அந்த ராமச்சந்திரன்தான் பிறகு டாக்டர் சௌந்திரம் அம்மாவோடு சேர்ந்து 1947-ல் நம் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார். சௌந்திரம் அம்மா டாக்டர். கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாக இருந்து, கிராமத்துப் பெண்களைச் சேவிகாக்களாகப் பயிற்றுவித்தவர். தாய்சேய் நலம், சுத்தம் என்று பேசும்போது பிள்ளையின் உடுப்பும் அந்தப் பேச்சில் வந்தே தீரும்.

நாட்டு மெஷின் என்று பார்த்தால் 1930களில் கல்கத்தாவில் உஷா செய்ய ஆரம்பித்தார்கள். ஆனால் மெஷின் ஊருக்குள் வந்த உடனே பெண் கைக்கு வந்துவிடவில்லை. டெய்லர் என்றால் ஆண். கடைத் திண்ணையில் கால் மெஷின் போட்டு உட்கார்ந்திருப்பார். பெண்கள் அந்தத் திண்ணையில் துணி கொடுக்கலாம், அளவு ஜாக்கெட் கொடுக்கலாம், அதோடு சரி. பிள்ளைத் துணியை டெய்லர் விரும்பி வாங்க மாட்டார். சின்னத் துணிக்கும் அதே கைவேலை, கூலி மட்டும் பாதி. "அதை நீயே தைச்சுக்கோம்மா" என்பார். நமக்கு அதுதான் பள்ளிக்கூடம் ஆயிற்று.

நாம் என்ன கற்றுக் கொண்டோம் என்பதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இப்போது ரெடிமேட் வாங்குகிற மருமகள்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

முதலில் துணி. சின்னாளபட்டிச் சுங்குடி பக்கத்திலேயே இருந்ததால் நமக்கு யோகம். லேசான நூல், சாயம்தான் முதல் இரண்டு தண்ணீரில் போகும். கல் உப்புப் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்து அலசி, நிழலில் காய வைத்துத்தான் வெட்ட வேண்டும். ஊற வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும். சுருங்குவதெல்லாம் வெட்டும் முன்பே சுருங்கிவிடட்டும். அடுத்து மல் துணி. 36 இஞ்ச் அகலத்தில் ஒரு மீட்டர் வாங்கினால் கைக்குழந்தைக்கு மூன்று ஜபலா தாராளமாக வரும். கஜக் கணக்கு அறுபதுகளில் மீட்டராக மாறிவிட்டது. நம்ம டேப் மட்டும் இன்னும் இஞ்சிலேயே பேசுகிறது.

ஜபலாவில் பட்டன் வைக்கக் கூடாது. பிள்ளை வாயில் போட்டுக் கொள்ளும். அதே துணியில் நாடா தைத்துக் கட்ட வேண்டும். படுத்தே இருக்கிற பிள்ளைக்கு முடிச்சு முன்பக்கம், உட்காரப் பழகின பிறகு பின்பக்கம். முடிச்சு முதுகில் இருந்தால் படுக்கிற பிள்ளைக்கு உறுத்தும், முன்னால் இருந்தால் உட்கார்ந்த பிள்ளை பிடித்து இழுக்கும். ஓரத்துப் பிசிறு உள்ளே உரசாமல் தையலை வெளிப்பக்கம் வைப்பார்கள். பார்க்க உள்ளே வெளியே மாறிப் போட்ட மாதிரி இருக்கும், பிள்ளைக்கு அதுதான் சுகம். கொஞ்சம் பெரிய பிள்ளைக்கு இரட்டைத் தையல். முதலில் வெளிப்பக்கம் ஒரு தையல், பிசிறைக் கத்தரித்து, திருப்பிப் போட்டு உள்பக்கம் ஒரு தையல். பிசிறு நடுவில் அடைந்து போகும். நேரம் இரண்டு மடங்கு ஆகும்தான்.

வெயில் துணிக்கு வெட்டும் வேறு. வியர்க்குரு எங்கே வருகிறது என்று பாருங்கள்: கழுத்து மடிப்பு, அக்குள், இடுப்புக் கயிறு அழுத்தும் இடம், தொடை இடுக்கு. அந்த நாலு இடத்தையும் துணி தொடாமல் இருந்தால் பாதிப் பிரச்சனை தீர்ந்தது. கழுத்தை அகலமாக வெட்டி, காலர் இல்லாமல், கிராஸ் பீஸால் மெல்லிசாக பைப்பிங். அக்குளை வழக்கத்தைவிட அரை இஞ்ச் இறக்கி வெட்டு. இடுப்பில் தையலே வராமல் மார்புக்கு மேலே யோக் வைத்து அங்கிருந்து சுருக்கு விட்டால் காற்று கீழிருந்து ஏறும். இரண்டு வயசுப் பிள்ளைக்கு மார்பு 21 இஞ்ச் என்றால் சட்டை 25 இருக்கட்டும். ஜட்டிக்குத் தொடையில் எலாஸ்டிக் வேண்டாம், இடுப்பில் நாடா போதும். பெண் பிள்ளைக்குப் பாவாடையை இடுப்பில் கட்டாமல் பாடியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் பாரம் தோளில் நிற்கும், இடுப்பில் கயிறு தடம் விழாது.

"வளர்ற பிள்ளை, பெருசாவே தை" என்பார்கள். பெருசாகத் தைத்தால் தடுக்கி விழும். அதற்குத்தான் பாவாடைக்குக் கீழே மடிப்பு. ஒரு இஞ்ச் ஒரு இஞ்சாக மூன்று மடிப்பு வைத்துத் தைத்தால் பார்க்க அலங்காரம் மாதிரி இருக்கும். வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் மூன்று சித்திரைக்கு அதே பாவாடை. பிரித்த இடத்தில் பழைய நிறம் பளிச்சென்று ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை எண்ணிப் பிள்ளையின் வயசைச் சொல்லிவிடலாம்.

இதெல்லாம் எந்தப் பயிற்சி மையத்திலும் சான்றிதழ் வாங்கிப் படித்தது இல்லை. மாமியார் மருமகளுக்கு, அக்கா தங்கைக்கு என்று திண்ணையில் வந்தது.

பிறகு நைலான் வந்தது. நைலக்ஸ், டெரிலின், டெரிகாட்டன் என்று எழுபது எண்பதுகளில் கடையெல்லாம் மினுமினுத்தது. அதில் ஆசைப்பட்டதைக் குறை சொல்ல மாட்டேன். துவைத்தால் ஒரு மணி நேரத்தில் காயும், இஸ்திரி வேண்டாம், கிழியாது, சாயம் போகாது. நாள் முழுக்கக் காட்டிலும் மில்லிலும் வேலை பார்த்து வந்து ராத்திரி துவைக்கிற பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! ஆனால் சித்திரையில் பிள்ளை அலறும். காரணம் எளிது. 100 கிராம் பருத்தி, காற்றிலிருந்தே சுமார் 8 கிராம் ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். பாலியஸ்டர் அரை கிராம்கூட இழுக்காது. வியர்வை துணிக்குள் போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கும். கைக்குழந்தைக்கு வாய்விட்டுச் சொல்லத் தெரியாது, அழும். பசி என்று நினைத்துப் பால் கொடுப்போம்.

நம் வீட்டு வேலைக்கு முதன்முதலில் ஒரு விலை வந்தது பள்ளிக்கூடச் சீருடையால்தான். 1982-ல் சத்துணவு தொடங்கியது. 1985-ல் சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடை கொடுக்க ஆரம்பித்தார்கள். தைக்கிற வேலை, சமூக நலத்துறையின் கீழுள்ள மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களுக்கு வந்தது. வெட்டின துணி கட்டுக்கட்டாக வரும், உறுப்பினர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்த் தைத்துக் கொடுத்தால் உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. 2012-13 முதல் ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு நாலு செட் என்றானதும் வேலையும் கூடியது. கூலி போதாது என்கிற பேச்சு மட்டும் அன்றிலிருந்து இன்றுவரை ஓயவில்லை. மெஷின் இல்லாதவர்களுக்குச் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரிலான இலவசத் தையல் எந்திரத் திட்டம் கை கொடுத்தது.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். அதே கை, அதே டிரவுசர். சொந்தப் பிள்ளைக்குத் தைத்தால் "வீட்டுல சும்மாதான் இருக்கா". சங்கத்துக்குத் தைத்தால் வேலை.

இந்த வித்தியாசம் எவ்வளவு தூரம் போகும் என்பது குழு ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. குழு வரலாற்றை மற்றவர்கள் விரிவாக எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம். 1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் குழுக்கள். 1992-ல் நபார்டு, 500 குழுக்களை வங்கியோடு இணைக்கிற சோதனை முயற்சி. பிறகு மகளிர் திட்டம், நாம். நம் ஆரம்ப காலக் கடன் பதிவேட்டைப் புரட்டினால் இரண்டு சொல் திரும்பத் திரும்ப வரும்: கறவை மாடு, தையல் மெஷின்.

மெஷின் கடனுக்கு எங்கள் குழுவிலிருந்து ஐந்து பேர் ஒரு வங்கிக்குப் போனோம். படிவத்தில் "தொழில் அனுபவம்" என்று ஒரு கட்டம். அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்க்காமலேயே ஐந்து பேருக்கும் "இல்லை" என்று எழுதினார். ஐந்து பேரில் ஒருத்தி நாலு பிள்ளைக்கும், நாத்தனார் பிள்ளைகளுக்கும் சேர்த்து 15 வருஷம் தைத்தவள். அனுபவம் இல்லை என்றால் கடன் தொகை குறையும், முதலில் பயிற்சிக்குப் போய் வரச் சொல்வார்கள், ஆறு மாசம் தள்ளிப் போகும். அவள் பேசவில்லை. பையிலிருந்து சின்னப் பிள்ளைச் சட்டை ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பிசிறு கிடையாது. அன்றைக்கு அவர் எழுதினதை மாற்றவில்லை. ஊக்குநரும் நாங்களும் மூன்று தடவை நடந்த பிறகுதான் "குழந்தைகள் துணி தைத்தல், 15 வருடம்" என்று அந்தக் கட்டத்தில் ஏறியது. அதற்குப் பிறகு நம் கூட்டமைப்பிலிருந்து போகிற விண்ணப்பம் எதிலும் அந்தக் கட்டத்தை நாமே நிரப்பித்தான் அனுப்புகிறோம். புதுசாகச் சேர்ந்த உறுப்பினர்களுக்கு இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்திருக்காது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். திருப்பூர் பனியன் துணி மலிவாக வந்தது பிள்ளைகளுக்கு நல்லதே. நூல் பனியன் வெயிலுக்குக் கேடு செய்யாது. சந்தையில் தொங்குகிற வலை வைத்த, ஜிகினா வைத்த கவுன்தான் எனக்கு ஆகாது. உள்ளே லைனிங்கும் பாலியஸ்டர், கழுத்தில் குத்துகிற லேஸ். விலை நம் நூல் கவுனில் பாதி. நம் தையல் பிரிவில் இதைப் பற்றிச் சண்டையே நடந்தது. அந்த மாதிரி கவுனுக்கு ஒரு வியாபாரி மொத்த ஆர்டர் கொடுக்க வந்தார். ஓவர்லாக் போட்டுத் தள்ளினால் ஒரு நாளைக்கு ஒருத்தி நிறைய முடிக்கலாம், கையில் காசு நிற்கும். நூல் துணி என்றால் ஊற வைக்கணும், காய வைக்கணும், இரட்டைத் தையல் போடணும். வாங்குகிறவர் "ஏன் இவ்வளவு விலை?" என்று கேட்பார்.

காசு வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வசதியில்லை. ஆர்டரை எடுத்தோம். மாசி, பங்குனி, சித்திரை மூணு மாசம் மட்டும் நாலு மெஷினை நூல் துணிக்கு ஒதுக்குவது என்று தீர்மானம் போட்டோம். இரண்டு பேர் கையெழுத்துப் போட மறுத்தார்கள், அவர்கள் சொன்ன நியாயமும் நியாயம்தான். வட்டி கட்டுகிற மாசத்தில் மெஷின் சும்மா நின்றால் யார் பொறுப்பு? முதல் வருஷம் பெரும்பாலும் நம் உறுப்பினர்களின் பேரப் பிள்ளைகளுக்குத்தான் தைத்தோம். இரண்டாவது வருஷம் பக்கத்து ஊர்களிலிருந்து, பிள்ளை பெற்று அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற பெண்கள் கேட்டு வந்தார்கள். ஜபலா ஆறு, ஜட்டி ஆறு, மெல்லிய விரிப்பு இரண்டு என்று ஒரு கட்டாகக் கொடுத்தோம். விலை வைக்கும்போது நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்: ஊற வைத்துக் காய வைக்கிற நேரத்துக்கும் கூலி போட வேண்டும். அது வீட்டு வேலைதானே என்று ஒருத்தி கேட்டாள். வங்கியில் "இல்லை" என்று எழுதினவரும் அதைத்தான் நினைத்தார் என்று சொன்னேன்.

வயசு வாரியாக அளவு எழுதின நோட்டு ஒன்று கூட்டமைப்பு அலுவலக பீரோவில், தீர்மானப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிறந்த குழந்தையிலிருந்து ஆறு வயசு வரை மார்பு, உயரம், அக்குள், எவ்வளவு துணி, எத்தனை மடிப்பு என்று படத்தோடு இருக்கும். சிலது என் கையெழுத்து, சிலது இப்போது இல்லாத இரண்டு அக்காமாருடையது. பழைய பக்கங்களில் கஜம் என்று இருப்பதை மாற்றாதீர்கள், ஓரத்தில் மீட்டர் கணக்கை எழுதிக் கொள்ளுங்கள். அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கிவிடும். தைக்க நினைப்பவர்கள் மாசி பிறந்ததும் துணியை ஊறப் போடுங்கள்.